சரிந்து நிற்கும் கடல்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பாய்மரப் படகேறித் தீவு தீவாகச் சுற்ற வந்தவர்கள், காலைத் தேநீரோடு முதலில் தேடுவது டோவர் துறைமுகத்தின் நேரத்தை. டோவர் இருப்பதோ இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், பிரான்சைப் பார்த்தபடி, சுமார் 700 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே கடல் எப்போது உச்சத்துக்கு ஏறுகிறது என்று தெரிந்தால்தான் இங்கே நங்கூரத்தை எப்போது தூக்கலாம் என்று தெரியும். பிரிட்டனின் நீரியல் அலுவலகம் வெளியிடும் நீரோட்டப் படத்தொகுப்பில் பதின்மூன்று படங்கள் இருக்கும். டோவரின் உச்ச ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு தொடங்கி, மணிக்கு ஒன்றாக, ஆறு மணி நேரம் பின்பு வரை. ஒவ்வொரு படத்திலும் தீவுகளுக்கு நடுவே அம்புக்குறிகள். சில மெலிந்தவை, சில தடித்தவை. விடுமுறைப் பயணத்தின் கால அட்டவணையை எழுதுவது அந்தத் தடித்த அம்புகள்தான். காற்றுக்குக்கூட அதில் இரண்டாம் இடம்.

ஹெப்ரிடீஸ் எனப்படும் இந்தத் தீவுக்கூட்டத்துக்குக் கிளாஸ்கோ பக்கமிருந்து வரும் படகுகளில் பல, கிரினன் கால்வாய் வழியாக நுழைகின்றன. 1801-இல் திறந்த கால்வாய். பதினான்கரை கிலோமீட்டர் நீளம், அதற்குள் படகை ஏற்றி இறக்கும் 15 நீர்ப்பூட்டுகள். கிண்டைர் தீபகற்பத்தின் முரட்டு முனையைச் சுற்றிவரும் நீண்ட வழியை அது மிச்சப்படுத்துகிறது. கடைசிப் பூட்டின் கதவு திறந்தால் எதிரே ஜூரா தீவு. வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குள் ஓபன் நகரம். படத்தைப் பார்த்தால் அரைநாள் வேலை. ஆனால் கிளம்பிய சிறிது நேரத்தில் டோரஸ் மோர் வந்துவிடும். ஒரு கரைமுனைக்கும் ஒரு குட்டித் தீவுக்கும் இடையிலான அந்தச் சந்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் 8 நாட் வேகம் வரை ஓடும். மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

கரையில் நிற்பவருக்கு அது பெரிய வேகமில்லை. பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகுக்கு அது எட்டாத வேகம். காரணம் எஞ்சினில் இல்லை, அலையில் இருக்கிறது. நீரில் நகரும் படகு தனக்கென ஓர் அலையை எழுப்பிக்கொண்டே போகிறது. ஆழ்நீரில் அலையின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது; நீண்ட அலை வேகமாக ஓடும். படகு வேகமெடுக்க எடுக்க அது எழுப்பும் அலையும் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒரு முகடு முன்முனையான அணியத்திலும் அடுத்த முகடு பின்முனையிலும் வந்து நிற்கும். நடுவே உள்ள பள்ளத்தில் படகு. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் தன் அலையின் மீதே ஏறியாக வேண்டும். நீர்மட்டத்தில் 9 மீட்டர் நீளம் உள்ள படகுக்கு இந்த எல்லை 7 நாட்டைச் சற்றே தாண்டும். நடைமுறையில் கிடைப்பது ஐந்து, ஆறு. அப்படிப்பட்ட படகு 8 நாட் ஓட்டத்தை எதிர்த்து முழுப் பாய் விரித்துப் போனால், முன்னால் நுரை பறக்கும். கரையிலுள்ள மரத்தைப் பார்த்தால் படகு பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

எனவே இத்தகைய சந்துகளை இங்குள்ள படகோட்டிகள் கதவு என்கிறார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் திறந்திருக்கும், அடுத்த ஆறு மணி நேரம் அடைத்திருக்கும். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம் என்பதால், கதவு திறக்கும் நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை ஏழுக்குத் திறந்த கதவு சனிக்கிழமை பதினொன்றுக்கு மேல்தான் திறக்கும். விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தவர் நிலாவின் அலுவலக நேரத்துக்கு வேலை பார்க்க வேண்டியதுதான்.

கடலின் ஏற்ற இறக்கமான ஓதம், உலகில் இங்கிருப்பதைவிட உயரமாக ஏறும் இடங்கள் உண்டு. இதே பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் கடல் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஓபனில் மூன்று மீட்டரும் கொஞ்சமும்தான். அப்படியிருந்தும் இந்தத் தீவுகளுக்கிடையே நீர் வெறிகொண்டு ஓடுவதற்கு விடை உயரத்தில் இல்லை, சரிவில் இருக்கிறது. பூமி சுழல்வதால், கரைகள் சூழ்ந்த கடல்களில் ஓத அலை நேராக வந்து நேராகத் திரும்புவதில்லை. ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமடிக்கிறது. தாம்பாளத்தில் நீர் ஊற்றிக் கையில் ஏந்தி மெல்லச் சுழற்றினால் விளிம்பில் நீர் ஏறி இறங்கும், நடுவில் மட்டம் மாறாது. அப்படியொரு அசையாத நடு, ஐலா தீவுக்கு அருகே அமைந்திருக்கிறது. அத்தீவின் போர்ட் எல்லன் துறையில் பௌர்ணமி நாளிலும் கடல் ஏறுவது அரை மீட்டரைச் சற்றே தாண்டும். அங்கிருந்து ஓபன் சுமார் 100 கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் ஏற்றத்தின் அளவு ஐந்து மடங்குக்கு மேல் மாறுகிறது, நேரமும் மாறுகிறது. ஒரு தீவின் மேற்குப் பக்கம் கடல் உயர்ந்திருக்கையில் கிழக்குப் பக்கம் தாழ்ந்திருக்கும். சில மணி நேரத்தில் அது மாறும். கடல் இங்கே எப்போதும் ஏதோ ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கிறது. சரிந்த நீர் இறங்க வழி தேடும். தீவுகளுக்கிடையிலான சந்துகளே அந்த வழி.

அவற்றில் பேர்போனது கோரிவ்ரெக்கன். ஜூராவுக்கும் ஸ்கார்பா தீவுக்கும் நடுவே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகல வாயில். அதில் நீரோட்டம் 8.5 நாட் வரை போகும், அதாவது வினாடிக்கு 4.4 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விடப்பட்ட கல் தரையைத் தொடும்போது இருக்கும் வேகமும் கிட்டத்தட்ட இதுவே. ஆக, உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வாயிலின் இரு பக்கமும் கடல் ஒரு மீட்டர் உயர வித்தியாசத்தில் நின்றாக வேண்டும். அது மட்டுமென்றால் வேகமான ஆறு என்று விட்டுவிடலாம். கீழே கடல் தரை ஒழுங்காக இல்லை. ஓரிடத்தில் 200 மீட்டருக்கும் ஆழமான குழி. ஸ்கார்பா பக்கம் செங்குத்தான பாறைக் கூம்பு ஒன்று, நீர்ப்பரப்புக்குச் சுமார் 30 மீட்டர் கீழே வரை எழும்பி நிற்கிறது. ஓடிவரும் நீர் அதில் மோதி மேலே பொங்கி, பக்கவாட்டில் கிழிந்து, சுழல்களாகப் பிரிகிறது. ஏற்ற ஓட்டம் மேற்கு நோக்கிப் பாயும்போது அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்றும் அலையும் எதிர்வந்தால் இன்னும் மோசம். ஓட்டத்தை எதிர்க்கும் அலைகள் நெருங்கிச் சுருங்கி, சுருங்கியதால் உயர்ந்து, சுவராக நின்று உடையும். அந்த இரைச்சல் பல கிலோமீட்டருக்குக் கேட்கும்.

இங்கே ஓர் இலக்கிய வரலாறு முடிந்துபோயிருக்க வேண்டியது. 1947 ஆகஸ்டில் ஜார்ஜ் ஆர்வெல், ஜூராவின் வடகோடியிலிருந்த பார்ன்ஹில் வீட்டில் தங்கி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். தீவின் மேற்குக் கரையில் முகாமிட்டுவிட்டு, மூன்று வயது மகனும் உறவுக்கார இளைஞர்களும் உடனிருக்க, சிறு மோட்டார் படகில் திரும்பினார். ஓத அட்டவணையைத் தப்பாகப் படித்திருந்தார். சுழல்களில் சிக்கிய படகிலிருந்து மோட்டாரே கழன்று கடலில் விழுந்தது. துடுப்புப் போட்டு ஒரு பாறைத் திட்டை அடைந்தபோது படகு கவிழ்ந்தது. எல்லோரும் எப்படியோ பாறையில் ஏறிக்கொண்டார்கள். அவ்வழியே வந்த லாப்ஸ்டர் பிடிக்கும் படகு அவர்களைக் கரை சேர்த்தது. நாவல் 1949-இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘1984’.

ஓதத்தை அறியாதவனின் இன்னொரு கதை கற்பனையில் நடந்தது. மல் தீவின் தென்மேற்கு மூலையை ஒட்டியுள்ள எரைட் தீவில், ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1870-இல் சில வாரங்கள் இருந்தார். அவருடைய குடும்பமே கலங்கரை விளக்கப் பொறியாளர் குடும்பம். அப்போது துஹ் ஆர்டாக் விளக்கத்துக்கு அங்கேதான் கல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ‘கிட்நாப்ட்’ (1886) நாவலின் நாயகனை அவர் அந்தத் தீவிலேயே கரையொதுக்கினார். உள்நாட்டில் வளர்ந்த அந்தப் பையன், மழையில் நனைந்து, பச்சைச் சிப்பிகளைத் தின்று வயிறு கெட்டு, நாள்கணக்கில் தவிக்கிறான். கடந்துபோகும் மீனவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது: கடல் வற்றும் வேளையில் எரைட்டிலிருந்து மணலில் நடந்தே மல் தீவுக்குப் போய்விடலாம். இன்றும் அங்கே அப்படித்தான் நடக்கிறார்கள்.

நடக்கிறவருக்கும் சரி, ஆழமற்ற துறையில் நங்கூரமிடுகிறவருக்கும் சரி, உதவுவது பன்னிரண்டில் பங்கு என்ற பழைய கணக்கு. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் வந்துவிடுகிறது. மணலில் சாவகாசமாகக் கிளிஞ்சல் பொறுக்குகிறவர்கள் ஏமாறுவது அந்த நேரத்தில்தான்.

இந்தக் கணக்குகளை எல்லாம் பற்சக்கரத்துக்குள் அடக்கியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. வெப்ப அளவையில் பெயர் பதித்த அதே கெல்வின். 1870-இல் அவர் லல்லா ரூக் என்ற 126 டன் பாய்மரக் கப்பலை வாங்கினார். பொழுதுபோக்குக்காக வாங்கியது ஆய்வுக்கூடமாகவும் ஆயிற்று. பியானோக் கம்பியைக் கொண்டு கடலின் ஆழம் அளக்கும் கருவியை அதில்தான் சோதித்தார். ஓதம் என்பது நிலா, சூரியன், அவற்றின் தூர மாற்றம், சாய்வு மாற்றம் என்று வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும் பல அலைகளின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு சக்கரம், எல்லாச் சக்கரங்களின் மீதும் ஓடும் ஒரே கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு பேனா. 1872-73 வாக்கில் உருவான முதல் இயந்திரம் பத்துத் தாளங்களைக் கூட்டியது. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு துறைமுகத்தின் ஓராண்டு ஓதத்தைச் சில மணி நேரத்தில் வரைந்து தந்தது. அதன் வாரிசுகளை வைத்துத்தான் லிவர்பூல் அருகே ஓதக் கணிப்பாளர் ஆர்தர் டூட்சன், இரண்டாம் உலகப் போரில் 1944-இன் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஓதம் கணித்தார். இன்று அந்த வேலையைக் கைபேசி செய்கிறது. ஆனால் கைபேசிக் கணக்கு வளிமண்டலத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். பெரிய புயல்சின்னம் ஒன்று கடந்தால் அட்டவணை சொன்னதைவிட முப்பது, நாற்பது சென்டிமீட்டர் கூடுதலாக நிற்கும்.

மல் தீவுக்கு மேற்கே வந்தால் திறந்த அட்லாண்டிக். அங்கே ஸ்டாஃபா. 1772-இல் ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் இறங்கிப் பார்த்து எழுதியபின் இந்தச் சிறு தீவு உலகுக்குத் தெரிந்தது. 1829-இல் வந்த இசையமைப்பாளர் மெண்டல்சன், ‘ஹெப்ரிடீஸ்’ இசைக்கோவையை இதன் ஃபிங்கல் குகையில் கேட்ட அலையோசையிலிருந்து எழுதினார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. அதன் தொடக்க வரிகளை அவர் குகையைப் பார்ப்பதற்கு முந்தைய நாளே கடிதத்தில் குறித்துவிட்டார். குகைக்குப் போன நாளில் இருபது வயது இசைமேதை கடல்நோயில் துவண்டிருந்தார்.

குகைச்சுவர் முழுக்க ஆறு பட்டைக் கருங்கல் தூண்கள். ஐந்தும் ஏழும் கலந்திருக்கும், ஆறுதான் அதிகம். ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பை ஒட்டி, கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரிந்து வட அட்லாண்டிக் திறக்கத் தொடங்கிய காலத்தில், பிளவு வழியே பொங்கிய எரிமலைக் குழம்பு இது. ஆறும்போது சுருங்கும், பக்கவாட்டில் சுருங்க இடமில்லாததால் வெடிக்கும். ஒரு புள்ளியிலிருந்து மூன்று விரிசல்கள் சமகோணத்தில் பிரிந்தால் குறைந்த நீள விரிசலில் அதிக இறுக்கம் தணிகிறது. 120 பாகைக் கோணங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் அறுகோணம் தானே வரும். குளிர் உள்ளே இறங்க இறங்க விரிசலும் இறங்கி, அறுகோணம் தூணாக நீளும். மெதுவாக ஆறினால் தூண் தடிக்கும், வேகமாக ஆறினால் மெலியும். டொராண்டோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதைக் குழைத்த சோளமாவில் செய்து பார்த்தார்கள். உலரும் மாவுக்கட்டிக்குள் விரல்கனம்கூட இல்லாத அதே தூண்கள். எரிமலைக் கல்லையே சூடேற்றி ஆறவிட்டுப் பார்த்த லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு, 840-இலிருந்து 890 பாகை செல்சியஸுக்குள் விரிசல் விழுகிறது என்று 2018-இல் அறிவித்தது. குழம்பு முழுதும் கல்லான பிறகு, ஆனால் இன்னும் செக்கச்சிவந்த சூட்டில்.

இங்குள்ள பாறைகளை அட்லாண்டிக் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதற்கும் அளவு உண்டு. டைரீ தீவுக்குத் தென்மேற்கே கடலில் தனித்துக் கிடக்கும் ஸ்கெரிவோர் பாறைமேல் ஆலன் ஸ்டீவன்சன் கட்டிய 48 மீட்டர் கலங்கரை விளக்கம் 1844-இல் ஏற்றப்பட்டது. அவர் தம்பி தாமஸ், நாவலாசிரியர் ராபர்ட் லூயியின் தந்தை, அங்கே சுருள்வில் பொருத்திய இரும்புத் தட்டை அலைக்கு எதிரே பதித்துவைத்தார். 1845 மார்ச் மாதப் புயலில் அது காட்டிய விசை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 டன். கட்டுமானக்காரர்கள் கடலலையின் அடியை எண்ணில் பார்த்த ஆரம்பகாலங்களில் அது ஒன்று.

ஸ்டாஃபாவிலிருந்து வடக்கே, பிரிட்டன் பெருநிலத்தின் மேற்கு நுனியான ஆர்ட்னமர்கனைத் தாண்டினால் சிறு தீவுகள்: மக், எக், ரம், கன்னா. இவற்றில் எக் தீவை 1997-இல் அங்கு வாழும் மக்களே கூட்டாக வாங்கினார்கள். 2008 முதல் காற்று, நீர், வெயில் மூன்றிலும் எடுத்த மின்சாரத்தில் தீவு இயங்குகிறது. கன்னாவில் காம்பஸ் குன்று என்றே ஒரு குன்று உண்டு. அதன் எரிமலைப் பாறையில் இரும்புச்சத்து அவ்வளவு. பக்கத்தில் போகும் கப்பலின் திசைகாட்டி முள் வழிதவறும். ஸ்கை தீவின் கூலின் மலைகளிலும் இதே தொல்லை. பாறை ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய புவிக்காந்தத்தைத் தமக்குள் பூட்டிக்கொண்டன. இன்றைய வடக்கை அவை மதிப்பதில்லை.

திசைகாட்டியே தேவைப்படாத ஒரு பயணி ரம் தீவில் இருக்கிறது. மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை. மலை உச்சிகளில், கடலிலிருந்து 600, 700 மீட்டர் உயரத்தில், மண்ணைக் குடைந்து வளைக்குள் முட்டையிடுகிறது. அங்கே ஒரு லட்சம் இணைகள் அளவுக்கு உண்டு. உலகின் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று. தரையில் நொண்டும் இப்பறவை பகலில் கழுகுக்கும் காகத்துக்கும் இரையாகும் என்பதால் இருட்டிய பிறகே வீடு திரும்பும். ஜூனில் அது எளிதல்ல. பகலே பதினேழரை மணி நேரத்துக்கு மேல். நள்ளிரவில் மலைமேல் எழும் அதன் அலறலைப் பேய்க்கூச்சலாக எண்ணித்தான் வைக்கிங்குகள் ஒரு சிகரத்துக்குப் பூதமலை என்று பெயரிட்டார்கள் என்பது வழக்கு. குளிர்காலத்தை இது அர்ஜென்டினா, பிரேசில் கடல்களில் கழிக்கிறது. 1952-இல் வேல்ஸ் கரையோரத் தீவிலிருந்து ஒரு பறவையை விமானத்தில் எடுத்துப்போய் அமெரிக்காவின் பாஸ்டனில் விட்டார்கள். பன்னிரண்டரை நாளில் தன் வளைக்குத் திரும்பிவிட்டது. பறக்கவிட்ட செய்தியைச் சொல்லும் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

மிட்ஜ் என்ற பூச்சியையும் சொல்லாமல் விடக்கூடாது. ஓரிரு மில்லிமீட்டர் அளவு, கூட்டம் கூட்டமாக வந்து இரத்தம் குடிக்கும். பாவம், பலவீனமான பறப்பு. மணிக்குப் பத்து கிலோமீட்டர் காற்றடித்தாலே வெளியே வராது. அதனால் இங்குள்ள அனுபவசாலிகள் மரம் அடர்ந்த, காற்று படாத, படத்தில் அழகாகத் தெரியும் குடாவை விட்டு, கொஞ்சம் காற்றோட்டமான இடத்தில் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடுகிறார்கள். புதியவர்கள் முதல் மாலையிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

ஸ்கை தீவைக் கிழக்குப் பக்கமாகச் சுற்ற நினைத்தால் கடைசியாக ஒரு கதவு உண்டு: கைல் ரியா. பெருநிலத்துக்கும் ஸ்கைக்கும் இடையே அரை கிலோமீட்டர் அகலமே உள்ள சந்து. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் 8 நாட் வரை ஓடும். அஷ்டமியை ஒட்டி வந்தால் வேகம் வெகுவாகக் குறையும். அப்போது நிலாவும் சூரியனும் செங்குத்தான திசைகளில் இழுத்து ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, தீவின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றவர்கள், அவற்றை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இந்த நீர்ச்சந்தின் குறுக்கே நீந்தவைத்தார்கள். ஒரு மாட்டின் தாடையில் கட்டிய கயிறு முன்னால் போகும் மாட்டின் வாலில். முதல் மாட்டின் கயிறு படகில். நாக்கு கயிற்றுக்குள் சிக்காமல் விடுவார்கள்; இல்லாவிட்டால் மாடு நீரைக் குடித்து மூழ்கிவிடும். ஓட்டம் ஒரு பக்கம் நின்று மறுபக்கம் திரும்பும் அந்தச் சிறிது நேரத்துக்குள் வரிசைகள் அக்கரை சேர வேண்டும். அட்டவணையோ படத்தொகுப்போ அவர்களிடம் இல்லை. நீரையும் நிலாவையும் பார்த்துக் கணித்தார்கள். அதே இடத்தில் இப்போது கோடையில் ஒரு சிறு கார் படகு ஓடுகிறது. தளத்தைக் கையாலேயே சுழற்றிக் கார்களை இறக்கும் பழைய வகை. ஓட்டம் உச்சத்தில் இருக்கையில் அதன் மாலுமி எதிர்க்கரைத் துறையைப் பார்த்துப் படகைத் திருப்புவதில்லை. ஓட்டம் வரும் பக்கமாக அணியத்தைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலேயே நண்டுபோல நகர்ந்து அக்கரை சேர்கிறார்.